மலைராஜா நின்று பார்த்த இடங்கள்

வித்ரா பள்ளத்தாக்கில் ஆட்டுக்கு வலித்தால் ஊருக்கே தெரியும். மனிதனுக்கு வலித்தால் அவன் தலையணைக்குக்கூடத் தெரியாது. ஒரு கிடாய் நொண்டினால் நாலு பண்ணைக்கு ஃபோன் பறக்கும். குளம்பா மூட்டா, நேற்று என்ன தின்றது, எப்படிக் கழிந்தது என்று ஆற அமர அலசுவார்கள். அதே ஃபோனில் "நீ எப்படி இருக்கே?" என்று கேட்டுப் பாருங்கள். "குறை ஒண்ணும் இல்ல" என்பார்கள். சாகக் கிடந்தாலும் குறை ஒன்றும் இல்லைதான். ஊரில் இதற்குப் பெயர் தைரியம். ஹெர்டிஸ் வேறொரு பெயர் வைத்திருந்தாள். அம்மா முன்னால் அதைச் சொல்வதில்லை.

அந்த வீட்டில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் ஹெர்டிஸ். டாக்டராகி ஒரு வருடம் ஆகிறது, வேலை தலைநகர் ரெய்க்யாவிக்கில். அவள் பட்டம் வாங்கிய படம் சமையலறையில் ரேடியோவுக்கு மேலே தொங்கியது. வருகிறவர்களிடம் எல்லாம் அம்மா ஸ்வாவா அதைக் காட்டுவாள். காட்டுவாளே தவிர, வீட்டில் யாருக்காவது தும்மல் என்றால்கூட மகளிடம் மூச்சு விட மாட்டாள். படித்த பிள்ளையைச் சில்லறை விஷயத்துக்கெல்லாம் தொந்தரவு செய்யலாமா என்று ஓர் எண்ணம். ஹெர்டிஸுக்குப் பற்றிக்கொண்டு வருவதே இதில்தான். படிப்பு அவளை வீட்டுக்கு மேலே ஓர் ஆணியில் மாட்டி வைத்துவிட்டது.

அக்டோபர் மாதம் அவள் ஊருக்கு வந்தது குடல் வேலைக்காக. ஆடு அறுக்கும் பருவம் முடிந்ததும், குளிர்காலத்துக்கு வேண்டிய ரத்தக் கொழுக்கட்டையையும் ஈரல் கொழுக்கட்டையையும் வீட்டுப் பெண்கள் கூடி ஒரே நாளில் செய்து வைப்பது வழக்கம். ஆட்டின் இரைப்பையைச் சுரண்டிக் கழுவி, கையளவு பைகளாக வெட்டி, ஓரம் தைக்க வேண்டும். ரத்தத்தில் ரை என்ற தானியத்தின் மாவும் நறுக்கிய கொழுப்பும் பிசைந்து உள்ளே திணித்து, வாயையும் தைத்துப் பெரிய பானையில் வேக வைக்க வேண்டும். காலையிலிருந்து மேஜை முழுக்க வயிறுகள் கிடந்தன. துவாலை போல் புசுபுசுத்த பெரும்பை, தேன்கூடு போல் கட்டம் போட்ட சின்னப் பை, புத்தகம் போல் ஏடு ஏடாக மடிந்த மூன்றாவது பை. ஜன்னலெல்லாம் ஆவி பூத்துப்போயிருந்தது.

"ஏழு வருஷம் படிச்சு ஒரு இரைப்பையை நேரா தைக்கத் தெரியல" என்றாள் பிர்னா அத்தை. அப்பாவின் அக்கா. வாய்க்குப் பூட்டுப் போடாத பிறவி. "ஆஸ்பத்திரில மனுஷங்களையும் இப்பிடித்தான் தைக்கிறியா?"

"அங்க மயக்க மருந்து குடுத்துட்டுத்தான் தைப்போம் அத்தை. பக்கத்துல ஒக்காந்து யாரும் நொட்டை சொல்றதில்ல."

"பாவம், முழிச்சு எழுந்து பாத்து அழுவாங்க."

"ரெண்டு பேருக்கும் வாயைத் தைச்சா வேலை நடக்கும்" என்றாள் ஸ்வாவா. கை மட்டும் நிற்கவில்லை.

அப்பா இங்வார் கொட்டகைப் பக்கமிருந்து உள்ளே வந்தார். நெடிய மனிதர், அறுபதைத் தாண்டியவர், கம்பளிச் சட்டையின் முழங்கையில் அம்மாவின் ஒட்டு. நேராக அலமாரிக்குப் போய்ச் சமையல் சோடா டப்பாவை எடுத்தார். ஒரு கரண்டி சோடாவைத் தண்ணீரில் கலக்கி, நின்றபடியே குடித்து, நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் நீளமாக ஓர் ஏப்பம் வந்தது. முகம் தெளிந்தது.

"வாசல்ல நாய் பயந்து ஓடுது" என்றாள் அத்தை.

ஹெர்டிஸ் ஊசியைக் கீழே வைத்தாள். "எத்தன நாளா இது?"

"எது?"

"சோடா."

"அது சும்மா" என்றார் அப்பா.

"வசந்த காலத்துலேர்ந்து" என்றாள் ஸ்வாவா, தையலைப் பார்த்துக்கொண்டே. "வயித்து எரிச்சல். புளிச்ச மோர்ல ஊறப்போட்ட கறியே வேணும் இவருக்கு. சொன்னா கேக்கணுமே."

"சாப்பிட்ட உடனேயா? படுத்தா ஜாஸ்தியாகுதா? வாய்ல புளிப்பா வருதா?"

"வரும், போகும்" என்றார் அப்பா.

"என்ன வரும், எங்க போகும்?"

"டாக்டர் வந்துட்டாங்கப்பா" என்று சிரித்தபடி எழுந்தார். மகளின் தலையில் கை வைத்து லேசாக ஒரு தட்டு. "குறை ஒண்ணும் இல்லம்மா. வைக்கோலைப் போட்டுட்டு வரேன்." கதவு சாத்திக்கொண்டது. மேஜையில் காலிக் கோப்பை மட்டும் இருந்தது.

ஹெர்டிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு தைத்தாள். ஆஸ்பத்திரியில் முன்பின் தெரியாதவர்கள் அவளிடம் வயிற்றைத் திறந்து காட்டுகிறார்கள். மலச்சிக்கலிலிருந்து மனக்குறை வரைக்கும் கொட்டுகிறார்கள். பெற்ற தகப்பன் தலையில் தட்டிவிட்டுப் போகிறார்.

காபி நேரத்துக்குப் பக்கத்துப் பண்ணைக்காரர் ஓட்டார் வந்தார். மறுநாள் மலையேறுவதைப் பற்றிப் பேச வேண்டும். கோடை முழுக்க மலையில் திரியும் ஆடுகளைச் செப்டம்பரில் ஊரே சேர்ந்து இறக்கியாகிவிட்டது. தப்பிய ஆடுகளைத் தேடிப் பனி விழுவதற்குள் இன்னொரு தரம் போவார்கள். இங்வார்தான் மலைராஜா. ஏதோ விளையாட்டுப் பட்டம் என்று நினைக்க வேண்டாம், ஊர் கூடித் தேர்ந்தெடுப்பது. மலையில் கால் வைத்த நிமிஷத்திலிருந்து அவர் சொன்னதுதான் சட்டம். அவர் நின்றால் வரிசை நிற்கும், நடந்தால் நடக்கும். ஏன் என்று கேட்கிற வழக்கம் அங்கே கிடையாது.

ஓட்டாருக்கு முறுக்கிப் பொரித்த பலகாரமும் காபியும் கொடுத்துவிட்டு, ஹெர்டிஸ் ஆட்டு நெஞ்சுகளை, அதாவது இதயங்களை, எடுத்துக்கொண்டாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவற்றைப் பிளந்து, உலர்ந்த பிளம் பழம் வைத்துத் தைக்க வேண்டும்.

"உங்க அப்பனை மாதிரி ஒரு ராஜா இந்தப் பள்ளத்தாக்குக்கு வாய்ச்சதில்ல" என்றார் ஓட்டார், வாயில் பலகாரத்தோடு. "முன்னாடியெல்லாம் ஆட்டுக்கு முன்னால ஓடுவான். நாங்க நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் பின்னால ஓடணும். இந்த வருஷந்தான் ஆளு பக்குவப்பட்டிருக்கான்."

"எப்படி?" என்றாள் அத்தை. "வீட்டுல அந்த மாதிரி எதுவும் தெரியலையே."

"ஏத்தத்துல கொஞ்ச தூரம் போவான், நிப்பான். மூக்குப்பொடி டப்பாவை எடுத்துக் கையில வெச்சுக்கிட்டு மலையையே பாப்பான். ஒரு வார்த்தை பேச மாட்டான். நாங்களும் நிப்போம். வரிசை மொத்தமும் அப்பிடியே நிக்கும். ஆற அமரப் பாத்துட்டு மறுபடி நடப்பான். அப்பிடி நின்னப்பதான் ஹவ்பர் பாறைக்குப் பின்னால ரெண்டு குட்டியோட ஒரு ஆடு கண்ணுல பட்டுது. ஓடிக்கிட்டு இருந்தா தெரிஞ்சிருக்குமா சொல்லு. ஊர்ல எல்லாரும் இதேதான் பேசிக்கிறாங்க. இங்வாருக்கு வயசாக வயசாகக் கண்ணு கூராகுதுன்னு."

ஹெர்டிஸின் கையில் ஆட்டு நெஞ்சு பாதி பிளந்தபடி நின்றது.

"சமதரையில நிப்பாரா?"

"சமதரையில என்னத்த நிக்கிறது?"

"எதிர்க்காத்து அடிச்சா?"

ஓட்டார் யோசித்தார். "அப்ப நெறைய நிப்பான். ஆமா. காத்துல ஆட்டுச் சத்தம் கேக்கும்ல."

"குதிரை மேல இருந்தா?"

"குதிரை மேலன்னா நிக்கவே மாட்டான். நாள் முழுக்கப் போவான்." சொல்லிவிட்டு ஓட்டார் கோப்பையைக் கீழே வைத்தார். "ஏன் கேக்கறே?"

"அவர் பாத்தது மலையை இல்ல" என்றாள் ஹெர்டிஸ். "வலி போறதுக்காக நின்னுருக்கார். அது வயிறு இல்ல. நெஞ்சு."



"இங்வாருக்கு நெஞ்சா?" என்றாள் அத்தை. "போடி இவளே. அவன் இரும்பு. சோடா குடிச்சா சரியாயிடுதே. நெஞ்சு வலின்னா சோடாவுக்கு அடங்குமா?"

"அடங்கறது சோடாவால இல்ல அத்தை. சோடா குடிக்கறதுக்காக வேலையை விட்டுட்டு உக்கார்றார் பாரு, அதால. இங்க பாரு." கையிலிருந்த ஆட்டு நெஞ்சைத் திருப்பி அதன் மேல்புறத்தைக் காட்டினாள். வெள்ளைக் கொழுப்புக்கு நடுவில் நூல் மாதிரி ஒரு குழாய் ஓடியது. "இதுக்குள்ள நாள் பூரா ரத்தம் பாயுது. ஆனா அதுலேர்ந்து ஒரு சொட்டு இது குடிக்காது. இதுக்குச் சோறு போடறது மேல ஓடற இந்தக் குழாய்ங்கதான். இது தூர்ந்து போச்சுன்னா, சும்மா உக்காந்திருக்கும்போது ஒண்ணும் தெரியாது. மேடு ஏறினா, எதிர்க்காத்துல நடந்தா, நெஞ்சு கூடுதலா உழைக்கணும். ரத்தம் பத்தாது. வலிக்கும். நின்னா அடங்கும்."

"வலி வயித்துலதானே வருது அவருக்கு" என்றாள் ஸ்வாவா. குரல் இறங்கியிருந்தது.

"இரைப்பை நெஞ்சுக்கு நேர் கீழதாம்மா இருக்கு. நடுவுல ஒரு தசைத் திரை, அவ்வளவுதான். ரெண்டு வீட்டுச் சத்தமும் ஒரே சந்து வழியா மூளைக்குப் போகுது. அழறது மேல் வீடா கீழ் வீடான்னு மூளைக்குத் தெரியாது. இத்தனை மாசமா நீ யாரையாவது ஒருத்தரைக் கேட்டிருக்கலாம். என்னைக் கேட்டிருக்கலாம்."

"உன்னைத் தொந்தரவு பண்ண வேணாம்னு…"

"ஊர்ல போறவன் வர்றவன் வயித்தையெல்லாம் அமுக்கிப் பாக்கறேம்மா. எங்க அப்பா வயித்தைப் பாக்க எனக்கு நேரம் இருக்காதா?" குரல் உடைந்தது அவளுக்கே பிடிக்கவில்லை. கையைக்கூடத் துடைக்காமல், கதவோரம் தொங்கிய கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனாள்.

கொட்டகையில் பாதி வைக்கோல்தான் போட்டிருந்தது. ஆடுகள் மீதிக்காகக் கத்திக்கொண்டிருந்தன. அப்பா தீவனத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். கம்பளித் தொப்பி மடியில். நெற்றி வியர்த்திருந்தது. ஆடுகளின் மூச்சுகூடப் புகையாகத் தெரிகிற குளிரில் வியர்வை. முகம் ஈரச் சாம்பல் நிறத்தில் இருந்தது.

"ஏம்மா, கையெல்லாம் ரத்தம்?" என்றார்.

"எவ்வளவு நேரமா இப்படி இருக்கு?"

"என்ன…"

"அப்பா." அவர் முன்னால் வைக்கோலில் மண்டியிட்டாள். "ஓட்டார் எல்லாம் சொல்லிட்டார். நீ மலையில நிக்கறது, பொடி டப்பாவைக் கையில வெச்சுக்கிட்டுப் பாக்கறது. எனக்குத் தெரியும். இப்ப எவ்வளவு நேரமா?"

இங்வார் ஆடுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உள்ள சோடா குடிச்சேனே. இங்க வந்து வைக்கோல் தூக்கினதும் மறுபடி வந்துடுச்சு. எப்பவும் உக்காந்தா போயிடும். இன்னிக்குப் போகல." இடது தாடையைத் தேய்த்துக்கொண்டார். "பல்லு வேற வலிக்குது."

அவளுக்குள் இருந்த மகள் அலறினாள். டாக்டர் அவள் வாயைப் பொத்தினாள். ஃபோனை எடுத்து அவசர எண் நூற்றுப் பன்னிரண்டை அழைத்து, யார், எங்கே, என்ன என்று சொல்லி முடித்தாள். ஆம்புலன்ஸ் பக்கத்து நகரத்திலிருந்து கிளம்புகிறது. மலைச் சாலை, முக்கால் மணி ஆகலாம். அது வரைக்கும் நோயாளி அசையக் கூடாது என்றார்கள். அவளுக்குத் தெரியாததா.

அவள் கோட்டுப் பையில் ஆஸ்பிரின் இருந்தது. எடுத்தவள் ஒரு நொடி தயங்கினாள். எல்லாரும் சொல்கிற மாதிரி இது வயிறாகவே இருந்து, உள்ளே புண்ணும் இருந்தால், இந்த மாத்திரை ரத்தத்தைக் கொட்ட வைக்கும்.

"அப்பா, ரத்தமா வாந்தி எடுத்தியா எப்பவாவது?"

"இல்ல."

"வெளிக்குக் கறுப்பா போகுதா? தார் மாதிரி?"

இங்வார் மகளை முழித்துப் பார்த்தார். "பெத்த அப்பன்கிட்ட கேக்கற கேள்வியா இது?"

"ஆட்டுக்குக் கழிஞ்சா நிறம் முதக்கொண்டு நாலு பண்ணைக்கு ஃபோன் பண்ணிச் சொல்லுவே. உன்னோடதைச் சொல்லு."

"…எப்பவும் போலத்தான்."

"எப்பவும் போலன்னா எனக்கு எப்படித் தெரியும்? நான் பாத்திருக்கேனா?"

"பழுப்பு" என்றார் இங்வார். அறுபது வருட மானத்தை அந்த ஒரு சொல்லில் வைத்துக் கொடுத்தார். "போதுமா?"

"போதும். இதை மெல்லு. முழுங்காதே, மென்னு தின்னு."

அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு மென்றார். ஹெர்டிஸ் அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். குளிர்ந்த, பெரிய கை. அவளைக் குதிரையில் தூக்கி வைத்த கை. நாடி வேகமாக, ஆனால் சீராக ஓடியது.

"நாளைக்கு மலைக்குப் போகணும்" என்றார்.

"போக மாட்டே."

"ஒரு நாள்தானே ஹெர்டிஸ். மத்தியானத்துக்கு மேல பனின்னு சொல்றாங்க. அங்க இன்னும் ஆடு இருக்கு. இறக்கிட்டு வந்துடறேன். அப்புறம் நீ எங்க கூப்பிட்டாலும் வரேன்."

"அங்க ஏறினா நீ இறங்க மாட்டே. உன்னைத்தான் இறக்கணும்."

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. அந்தக் கோபத்துக்கு அடியில், அவருக்கு இது முன்பே தெரிந்திருக்கும் என்று மெல்லப் பிடிபட்டது.

"உனக்குத் தெரியும்தானே? வயிறு இல்லைன்னு."

"தெரியும்னு சொல்ல முடியாது" என்றார் இங்வார் மெதுவாக. "தெரியாதுன்னும் சொல்ல முடியாது. மார்டெய்னை ஞாபகம் இருக்கா?"

அவளுக்கு மங்கலாக ஞாபகம் இருந்தது. அப்பாவுக்கு முந்தைய மலைராஜா.

"அவருக்கு நெஞ்சுன்னு டாக்டர் சொன்னாங்க. ஊர் கூடி மரியாதையாத்தான் பேசினாங்க. கேக்கு வெட்டினாங்க. இனிமே ஓய்வெடுத்துக்கோன்னாங்க. அப்புறம் அந்த மனுஷன் வீட்டை விட்டு வெளிய வரல. ஆடு இறங்கற அன்னிக்கு ஜன்னல்ல நின்னு பாப்பார். கையசைச்சா அசைக்க மாட்டார்." மூச்சு வாங்கிக்கொண்டார். "வயிறுன்னா யாரும் ஒண்ணையும் பிடுங்கிக்க மாட்டாங்கம்மா. சோடா குடின்னுவாங்க. சிரிப்பாங்க. நெஞ்சுன்னு சொன்னா எல்லாம் முடிஞ்சுது. எனக்கு வயிறு போதும்னு இருந்துட்டேன்."

ஹெர்டிஸ் அவர் நெற்றி வியர்வையைத் தன் சட்டைக் கையால் துடைத்தாள். அதில் ஒட்டியிருந்த ஆட்டு ரத்தம் அவர் புருவத்தில் லேசாகத் தீற்றியது.

வாசலில் நிழல் விழுந்தது. ஸ்வாவா போர்வையோடு வந்தாள். பின்னால் தொப்பியைக் கையில் பிடித்தபடி ஓட்டார். ஸ்வாவா ஒன்றும் கேட்கவில்லை. கணவன் தோளில் போர்வையைப் போர்த்தி, தொட்டி விளிம்பில் ஒட்டி உட்கார்ந்து, தன் தோளில் அவரைச் சாய்த்துக்கொண்டாள். இத்தனை வருடத்தில் பகல் வெளிச்சத்தில், பிறத்தியார் முன்னால் அவள் அப்படி உட்கார்ந்து ஹெர்டிஸ் பார்த்ததில்லை.

"இவ சொல்றது நிஜமா?" என்றார் ஓட்டார்.

இங்வார் மகளைப் பார்த்தார். சொல்வதா வேண்டாமா என்று அனுமதி கேட்கும் பார்வை இல்லை அது. இனி மறைக்க வழி இருக்கிறதா என்று கடைசியாக ஒரு தரம் தேடிப் பார்த்தார். ஹெர்டிஸ் அவரே சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

"நிஜம்" என்றார். "நெஞ்சுதான். நாளைக்கு நான் வரல."

ஓட்டார் தொப்பியை இரண்டு தடவை சுற்றினார். "அப்ப… நாங்கல்லாம் நின்னு நின்னு பாத்தது என்னத்தை?"

"மலையைத்தான்" என்றார் இங்வார். "நீங்க நல்லாத்தான் பாத்தீங்க."

"ஆடு கெடைச்சுதே."

"கெடைச்சுது. எனக்கே ஆச்சரியம்."

ஓட்டார் முதலில் சிரித்தார். அப்புறம் ஸ்வாவா. இங்வாரும் சிரிக்கப் போக, ஹெர்டிஸ் அவர் மார்பில் கை வைத்து, "சிரிக்காதே, பேசாதே" என்றாள்.

"ஒரே ஒரு வார்த்தை" என்றார் இங்வார். "ஓட்டார், ஆத்துக்கு மேக்கால ஆளை நெருக்கமா விடு. கிழக்கால தானா இறங்கிடும். காத்து மாறுச்சுன்னா எந்த ஆடா இருந்தாலும் விட்டுட்டுக் கீழ வந்துடு. ஆளு முக்கியம்."

"இதை இப்பச் சொல்றார் பாரு" என்றாள் ஹெர்டிஸ். கண் நிறைந்துவிட்டது. "ஆளு முக்கியமாம்."

ஓட்டார் குனிந்து இங்வாரின் கையைப் பிடித்துக்கொண்டார். ஆண்கள் அங்கே ஒருவரை ஒருவர் அதிகம் தொட்டுக்கொள்வதில்லை. "நாளைக்கு உன் வேலையை நான் பாக்கறேன். அவ்வளவுதான். வேற எதுவும் மாறல. கேக்கு கீக்குன்னு எவனாவது கிளம்பினா நான் பேசிக்கிறேன்."

ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும் நாலு பேரும் ஆடுகளுக்கு நடுவில் இருந்தார்கள். மீதி வைக்கோலை ஓட்டார் போட்டார். பிர்னா அத்தை வாசல் வரை வந்து, எட்டிப் பார்த்து, மூக்கை உறிஞ்சிவிட்டு, "அடுப்பைப் பாத்துக்கிறேன்" என்று திரும்பிப் போனாள். இங்வார் ஒரு தடவை எழுந்து உள்ளே போய் நல்ல சட்டை மாற்ற வேண்டும் என்றார். அழுக்குச் சட்டையோடு நகரத்து ஆட்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள். ஸ்வாவா போய்ச் சுத்தமான காலுறை மட்டும் எடுத்து வந்தாள். ஹெர்டிஸ் அப்பாவின் ரப்பர் பூட்ஸைக் கழற்றி, ஈரக் காலுறையை உரித்து, காலைத் தன் மடியில் வைத்துத் துடைத்து, புதியதை மாட்டினாள். அவர் கூச்சத்தில் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆம்புலன்ஸில் எடுத்த இதயத் துடிப்பு வரைபடத்தை ஹெர்டிஸ் பார்த்தாள். அதில் இருந்தது அவளுக்கு முன்பே தெரிந்த மாரடைப்புதான். நகரத்து ஓடுதளத்தில் நோயாளிகளை ஏற்றும் விமானம் காத்திருந்தது. ரெய்க்யாவிக்கில் அவள் வேலை செய்யாத வேறோர் ஆஸ்பத்திரி, தெரியாத டாக்டர். "மகளா? வெளிய இருங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். தானும் டாக்டர் என்று சொல்லவில்லை அவள். மகள் என்று வெளியே நின்றாள். கையில் ரத்தமும் ரை மாவும் காய்ந்து போயிருந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டு நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

நெஞ்சின் முன்பக்கக் குழாய் ஏறக்குறைய அடைத்தே போயிருந்தது. மணிக்கட்டு நாளம் வழியாக மெல்லிய கம்பியை விட்டு, அடைப்பை விரித்து, ஸ்டென்ட் எனும் வலைக்குழாய் ஒன்றைப் பொருத்தினார்கள். இன்னும் ஒரு மலை ஏறியிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார். நெஞ்சுத் தசை பெரிதாகச் சாகவில்லை, நேரத்துக்கு வந்துவிட்டார் என்றார். அடுத்த வருடம் மலை ஏறலாமா என்று அவள் கேட்டாள். மெதுவாக நடந்து பழகட்டும், வசந்த காலத்தில் சோதித்துப் பார்த்துச் சொல்லலாம், குதிரை என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை என்றார் டாக்டர்.

மறுநாள் பிற்பகலில் அவள் வார்டுக்குப் போனபோது இங்வார் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் பழைய நிறம் திரும்பியிருந்தது. ஸ்வாவா காலைப் பேருந்தில் கிளம்பிவிட்டதாகச் செய்தி அனுப்பியிருந்தாள். மலையில் பனி ஆரம்பிப்பதற்குள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள் என்று ஓட்டாரும் சொல்லியிருந்தார். அதை அப்பாவிடம் சொன்னாள். அவர் தலையசைத்தார். எத்தனை ஆடு என்று கேட்கவில்லை.

"எப்படி இருக்கே?" என்றாள்.

வழக்கமான பதிலுக்காகக் காத்திருந்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார், போர்வையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"கை வலிக்குது" என்றார்.

ஹெர்டிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எங்க?"

"இங்க. மணிக்கட்டுல. அந்தப் பட்டையைக் கட்டின இடத்துல." கொஞ்சம் வெட்கத்தோடு ஆரம்பித்தார். போகப் போக வேகம் பிடித்தது. "விரல் நுனி மரத்த மாதிரி இருக்கு. முதுகும் வலிக்குது, இந்தக் கட்டில் சரியில்ல. ராத்திரி பயமா இருந்துச்சு. கண்ணை மூடினா நின்னுடுமோன்னு. மூடாமலே இருந்தேன்."

அவள் நர்ஸை அழைக்கும் பொத்தானை அழுத்தினாள். பட்டையைத் தளர்த்துவது அவர்கள் வேலை. பிறகு அப்பாவின் வலிக்காத கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ம்" என்றாள். "அப்புறம்?"

"அப்புறம் சூப்புல உப்பே இல்ல" என்றார் இங்வார்.